கிளிமாறன் தெரு

பெயர்ப்பலகைப் பிரிவில் எனக்கு வேலை.
ரிப்பன் மாளிகை, இரண்டாம் மாடி,
மின்விசிறியைப் போட்டால் கோப்புகள் பறக்கும்,
போடாவிட்டால் நாங்கள்.

வெள்ளைக்காரப் பெயர்களை நீக்கச் சொல்லிப்
பட்டியல் வந்தபோது
கிளிமாறன் தெருவை யாரும் தொடவில்லை.
"மாறன்னா பாண்டியன்தானே,
இருக்கட்டும்மா" என்றார் கவுன்சிலர்.
ஆட்டோ நிறுத்தத்துப் பலகையில்
முடிசூடிய ஒருவன்
தோளில் கிளியோடு நிற்கிறான்.
மீசை மட்டும் நன்கொடையாளருடையது.

அவன் பாண்டியன் இல்லை.
எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
வேறொரு ஆக்கிரமிப்பு வழக்குக்காகப்
புரட்டிய கட்டில் அகப்பட்டார்:
ஹ்யூகோ, நான்காம் கில்லமாரன் பிரபு.
அயர்லாந்தில் பதினோராயிரம் ஏக்கர்,
லண்டன் நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கை,
இங்கே கவர்னரின் சபையில் ஐந்து வருடம்,
அடையாற்றில் தோட்ட பங்களா.
அங்கே குடியானவர்களுக்கு அவர் இங்கிலீஷ்காரர்.
லண்டனில் ஐரிஷ்காரர்.
இங்கே வந்துதான் சிக்கல் தீர்ந்தது:
துரை.

தாது வருஷம்.
கடற்கரையில் கப்பல் இறக்கிய அரிசி
மூட்டை மூட்டையாய், காவலோடு.
மணலில் சிந்தியதைச் சலிக்க வந்த
பெண்களுக்குப் பிரம்பு.
நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு
நாளைக்கு எவ்வளவு என்று சபை கூடிப் பேசியது.
ஒன்றரை ராத்தல் என்றிருந்ததை அடித்து
ஒன்று என்று எழுதிய மை
இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.
ஓரத்தில் ஒரு வரி:
"இதில் ஒருவன் உயிரோடிருக்கலாம். நான் பார்த்திருக்கிறேன்."

எங்கே பார்த்தார் என்று
சபைக் குறிப்பில் இல்லை.
நான்கு தாள் தள்ளி,
தப்பான கோப்பில் தைக்கப்பட்ட
அக்காவின் கடிதத்தில் இருந்தது.
'நினைவிருக்கிறதா ஹ்யூகோ,
கிழங்கு அழுகிய வருஷம்
கஞ்சிக்காக அப்பாவின் மதிலைக் கட்டியவர்களை
மாடி ஜன்னலிலிருந்து எண்ணி விளையாடுவோமே.
தினமும் நீதான் ஜெயிப்பாய்.
குறைவாகச் சொல்வாய்.'

பதில் எழுதினாரா தெரியாது.
பட்லர் ஞானாதிக்கம் எழுதிய செலவுக் கணக்கில்
ஆட்டுக்கறி உண்டு, முட்டைக்கோஸ் உண்டு,
ஊட்டியிலிருந்து வந்த பீச் பழம்கூட உண்டு.
ஐந்து வருடத்தில் ஒருநாளும்
உருளைக்கிழங்கு இல்லை.
காரணம் எழுதுவது பட்லர் வேலையில்லை.
நானும் ஒன்று சொல்லிவிட்டு
அவரை மன்னித்துவிடக்கூடாது.

அந்த ஒரு ராத்தலைத் தின்றவர்கள் வெட்டியதுதான்
எங்கள் தெருவுக்குப் பின்னால் நாறும் கால்வாய்.
எங்கள் தெரு என்றேனா?
ஆம். பதினான்கின் கீழ் இரண்டு, கிளிமாறன் தெரு.
கொசு வரும், வாடகை குறைவு.

ஊருக்குத் திரும்பிய பிரபுவுக்கு
யாரும் குத்தகை கட்டவில்லை.
பேரன் காலத்தில் மாளிகையைக் கொளுத்தினார்கள்.
மதிலின் படத்தைக் கணினியில் பார்த்தேன்:
குன்றின் மேல் ஏறி
எதையும் அடைக்காமல்
பாதியில் நின்றுவிடுகிறது.
ஒரு செம்மறி, அதற்கு இந்தப்புறமும் புல்,
அந்தப்புறமும் புல்.
கில்லமாரன் என்பதும் அந்த ஊரின் சொந்தப் பெயரில்லையாம்.
நிலம் அளக்க வந்த இங்கிலீஷ்காரன்
காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனான்.
நம் ஆட்கள் அதை இன்னொரு முறை
வாயில் போட்டு மென்றார்கள்.

குறிப்பு ஒன்று எழுதி வைத்தேன்,
பெயரை நீக்கலாம் என்று.
அனுப்பவில்லை. கிழிக்கவுமில்லை.

நேற்று ரேஷன் கடை வரிசையில் நின்றபோது
பெயின்டர் தாவீது போன் செய்தான்.
பழைய பலகை துருப்பிடித்துவிட்டது,
புதிதாய் எழுதுகிறான்,
'கிளிமா' வரை வந்துவிட்டான்.
"மேடம், சின்ன ர-வா, பெரிய ற-வா?"

கையில் அட்டை.
முகவரியில் அவர்.
முன்னால் நின்ற அம்மாள்
தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மேடம், லைன்ல இருக்கீங்களா,
பெயின்ட் காயுது."

பெரிசு, என்றேன்.